அயல்நாட்டில் ஓய்வுநாள்

கடல் கடந்து பொருளீட்டல் தமிழர்க்குப் புதிதன்று. நம் கல்லூரியிற் பயின்று சென்றோருள்ளும் பலர் இன்று அயல்நாடுகளிற் பணிபுரிகின்றனர். அவர்தம் உழைப்பைப்பற்றியும் ஊதியத்தைப்பற்றியும் பேசுவோர் பலர். ஓய்வுநாளைப்பற்றிப் பேசுவோர் அரியர். ஒருவர் ஓர் அயல்நாட்டில் வாழ்கின்றாரா, வெறுமனே தங்குகின்றாரா என்பதை அவர் தம் ஓய்வுநாளைக் கழிக்கும் முறையே காட்டிவிடும் என்பது நம் கருத்து. நம்மவர் மிகுதியாக வாழும் சிங்கப்பூரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனைச் சிறிது ஆராய்வாம்.

அங்குள்ள நம்மவர் பலருக்குச் சனியும் ஞாயிறும் எங்ஙனம் கழிகின்றன? தேக்காச் சந்தையிற் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்குகின்றனர், சிராங்கூன் சாலையில் வாழையிலைச் சாப்பாடு உண்கின்றனர், ஊரிலுள்ளாரோடு தொலைபேசியிற் பேசுகின்றனர், பின்னர் உறங்குகின்றனர். இவற்றை நாம் இகழ்கின்றோமல்லோம். வாரமெல்லாம் பிறமொழி பேசி அயர்ந்த நாவுக்குத் தாய்மொழி மருந்தாகும். ஆயினும், பத்தாண்டு ஒரு நாட்டின் சோற்றை உண்டும் அந்நாட்டின் ஒரு குன்றையேனும் ஒரு காட்டையேனும் காலால் நடந்தறியாது திரும்புதல் முறையாகுமோ? ஒரு வீட்டிற் பல்லாண்டு குடியிருந்தும் கொல்லைப்புறத்தை எட்டிப் பாராதவரை என்னென்பது?

“அச்சிறு தீவிற் பார்ப்பதற்கு யாதுளது? கட்டடங்களும் கடைகளுமே உள” என்பர் சிலர். அற்றன்று. அங்கே புக்கிட் தீமா என்றொரு குன்றுண்டு. அதன் உயரம் ஏறக்குறைய 164 மீட்டரே. 1883-ஆம் ஆண்டிலேயே அதன் காடு காப்புக்காடாக்கப்பட்டமையின், பண்டைய மழைக்காட்டின் ஒரு பகுதி நகரின் நடுவே இன்றும் நின்று நிலவுகின்றது. 1854-இல் ஆங்கில இயற்கை நூலறிஞர் ஆல்பிரட் ரசல் வாலஸ் அக்குன்றுப்புறத்தில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரோடு தங்கினார். ஏறக்குறைய ஒரு சதுர மைல் பரப்பில், இரண்டு திங்கள் அளவில், 700 வகை வண்டுகளை அவர் திரட்டினார். அவரும் அயல்நாட்டாரே. பார்க்கும் விருப்புடையார்க்கு ஒரு சதுர மைலும் பெரிது; அஃதில்லார்க்கு உலகமும் சிறிது.

இனி, அயலார் நாட்டை அறியப் புகுவோர் தம்மவர் வரலாற்றையே அங்குக் காணுதலும் உண்டு. 1859-இல் தோன்றிய தாவரத் தோட்டத்திற்குச் செல்வார் அங்கே ரப்பர் மரத்தைக் காண்பர். இலண்டன் நகர்ப்புறத்துக் கியூ தோட்டத்திலிருந்து 1877-இல் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1888-இல் தோட்டத் தலைவராக வந்த ரிட்லி என்பார், மரத்தைக் கொல்லாமலே பட்டையைக் கீறிப் பாலெடுக்கும் முறையை ஆங்கு ஆய்ந்து கண்டார். அதன்பின் மலாயா முழுதும் ரப்பர்த் தோட்டங்கள் பரவின. அத்தோட்டங்களில் உழைப்பதற்காக நாகப்பட்டினத்தில் நம்மவர் ஆயிரமாயிரவராய்க் கப்பலேறினர். அம்மரத்தினடியில் நிற்கும் தமிழர் வெறும் மரத்தையோ காண்கின்றார்?

நகரின் நடுவிலுள்ள புனித அந்திரேயா பேராலயமும் அத்தகையதே. 1862-இல் திருநிலைப்படுத்தப்பட்ட அவ்வெண்ணிறக் கோயிலை எழுப்பியோர் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சர்க்கரையும் தேங்காய்மட்டை ஊறிய நீரும் கலந்த சென்னைச் சாந்தே அதன் சுவர்களுக்குப் பூசப்பட்டது. கடைத்தெருவோடு திரும்புவார் இதனை எங்ஙனம் அறிவர்?

ஊர்சுற்றல் வீண்பொழுதுபோக்கு என்பார்க்கும் ஒரு விடை உண்டு. சாங்கி முனையிற் பன்னிருவர் சேர்ந்ததும் புறப்படும் சிறு படகு புலாவ் உபின் தீவுக்குச் செல்லும். அத்தீவின் கீழ்க்கோடியில் செக் ஜாவா என்னும் கடற்கரையுண்டு. அதனைத் தூர்த்து நிலமாக்கத் திட்டம் வகுத்திருந்தனர். 2001-ஆம் ஆண்டில் மக்கள் நீர் வற்றும் வேளை பார்த்து அங்குத் திரண்டு சென்றனர். கடற்புல்லையும் விண்மீன் போன்ற உயிர்களையும் கண்டனர். ஆர்வலர் அவற்றைக் கணக்கெடுத்தனர். கண்டோர் வாளாவிருந்திலர்; அரசினர்க்கு எழுதினர். திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. கண்ணாற் கண்டதையே மக்கள் காக்க முற்படுவர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஈண்டு மற்றொன்றையும் மறைத்தலாகாது. ஓய்வுநாள் எல்லார்க்கும் ஒப்ப வாய்ப்பதன்று. வெளிநாட்டு வீட்டுப் பணிப்பெண்களுக்கு வாரத்திற்கு ஒருநாள் ஓய்வு என்னும் விதி அங்கு 2013-ஆம் ஆண்டிலேதான் நடைமுறைக்கு வந்தது. அந்நாளுக்கு ஈடாகப் பணம் கொடுக்கவும் அவ்விதி இடந்தந்தது. மாதத்தில் ஒருநாளையேனும் பணத்தால் ஈடுசெய்தலாகாது என்ற கட்டளை 2023-இல் வந்தது. அப்பெண்டிருள் நம் நாட்டாரும் உளர். தம் இல்லத்திற் பணிபுரிவாளை அடுக்களையில் நிறுத்திவிட்டுத் தாம் மட்டும் மலையுங் கடலும் காணச் செல்பவர், எதனைக் கண்டும் பயனென்னை? அவளுடைய ஓய்வுநாளை முதலில் அவளுக்குத் தருக. பின்னர்த் தம் நாளை நாடுக.

செல்லும் முறையும் எளிதே. பெருஞ்செலவு வேண்டா, பேருந்தும் கால்களும் போதும். ஒரே நாளிற் பத்திடம் ஓடுதலினும், ஓரிடத்திற்குப் பன்முறை செல்லுதல் நன்று. மரத்தின் பெயரையும் தெருவின் பெயரையும் அவ்வூராரிடம் வினவுக. வினவும் அயலாரை வெறுப்பார் அரியர். பிள்ளைகளையும் உடனழைத்துச் செல்க. அவர்கட்கு அந்நாடு பெற்றோர் பணியாற்றும் இடம் மட்டுமன்று, தாம் வளரும் ஊருமாகும்.

நிறைவாக, இன்னும் கடல் கடவாத நம் மாணவர்க்கு ஒரு சொல். இப்பழக்கம் விமானத்திலிருந்து இறங்கியதும் தானே வந்தெய்துவதன்று. கல்லூரிக்கு அணித்தேயுள்ள ஏரிக்கு நீர் எவ்வழி வருகின்றதென்று அறியாதார், அயல்நாட்டு ஆற்றையும் அறியார். விடுதியிற் கழியும் ஞாயிறுகளில் ஒன்றை இவ்வூருக்கு ஈந்து பாருங்கள். இங்கு நடந்து பழகிய கால்களே எங்குச் சென்றாலும் நடக்கும்.