காற்றில் குளிரும் எஞ்சினுக்கு ஆயில்தான் தண்ணீர்

பவர் வீடர் என்னும் களையெடுக்கும் கருவி இன்று கரும்பு, பருத்தி, மஞ்சள், வாழை பயிரிடும் சிறு விவசாயிகள் பலரிடம் வந்துவிட்டது. 2014-15இல் மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம் தொடங்கிய பிறகு மானியத்தில் வாங்கியவர்கள் ஏராளம். ஆனால் வாங்கிய இரண்டாவது கோடையிலேயே எஞ்சின் 'சீஸ்' ஆகி மெக்கானிக் கடை வாசலில் கிடக்கும் கருவிகளும் உண்டு. "கம்பெனி மட்டம்" என்று சொல்லிவிடுகிறோம். இந்த எஞ்சினின் சூட்டை எப்படிக் கவனிப்பது என்று நமக்கு யாரும் சொல்லித் தராததே காரணம் என்பது என் கருத்து.

நாம் பழகியது கிணற்று மேட்டு ஆயில் எஞ்சின். பம்பு இறைக்கும் தண்ணீரில் கொஞ்சம் சிறு குழாய் வழியே எஞ்சினுக்குள் ஓடி வெளியே விழும். விழும் தண்ணீரில் கையை வைத்தால் எஞ்சின் எவ்வளவு சூடு என்று தெரிந்துவிடும். பவர் வீடரில் பெரும்பாலானவற்றுக்குத் தண்ணீரே கிடையாது. விசிறிக் காற்று சிலிண்டரைச் சுற்றியுள்ள வரித்தகடுகளின் இடையே பாய்ந்து வெளிச்சூட்டை எடுக்கிறது. உள்ளே பிஸ்டன், பேரிங் ஆகியவற்றின் சூட்டை வாங்கிக்கொள்வது ஆயில். அந்த ஆயிலோ எஞ்சினுக்குத் தக்கபடி சுமார் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரைதான்! சித்திரை வெயிலில், காய்ந்த மண்ணில், அது 100 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டுவது சகஜம். அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயில் கெடும் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. வெளியே இதற்கு ஓர் அடையாளமும் தெரியாது.

எஞ்சின் சுடுகிறது என்றவுடன் நம்மவர்கள் செய்வது இரண்டு. ஒன்று, இன்னும் கெட்டியான ஆயிலாக வாங்கி ஊற்றுவது. கைப்புத்தகத்தில் சொன்ன தரத்தை விட்டு அளவுக்கு மீறிக் கெட்டியான ஆயில் ஊற்றினால், காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் எல்லா இடத்துக்கும் அது போய்ச் சேராது. தேய்மானம்தான் மிச்சம். மற்றொன்று, காற்று நன்றாகப் படட்டும் என்று விசிறியின் மேல் உள்ள தகரக் கவரைக் கழற்றிவிடுவது. இது பெரிய தவறு. விசிறிக் காற்றைத் தகடுகளின் வழியே திருப்பி விடுவதே அந்தக் கவர்தான். அதை எடுத்துவிட்டால் காற்று நாலாபுறமும் சிதறும். சூடு கூடுமே தவிரக் குறையாது. கவரைக் கழற்ற வேண்டியது எஞ்சின் ஆறியிருக்கும்போது. உள்ளே அடைத்திருக்கும் மண், சோகைத் தூள், பஞ்சு ஆகியவற்றைப் பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிட்டு உடனே மாட்டிவிட வேண்டும். புழுதிக் காட்டில் ஓட்டுகிறவர்கள் தினமும் வலையையாவது துடைக்க வேண்டும். சூட்டோடு சூடாகத் தண்ணீர் ஊற்றுவது கூடவே கூடாது, சிலிண்டர் விரிந்துபோகும்.

ஆயில் குறைந்தால் கேடு என்பது எல்லோருக்கும் தெரியும். கூடினாலும் கேடுதான். கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கிச் சூட்டை ஏற்றும். எனவே சமதளத்தில் நிறுத்தி, கம்பியைத் துடைத்துவிட்டு அளவு பார்க்க வேண்டும். சிறு எஞ்சின்கள் பலவற்றில் ஆயிலை வாரி இறைப்பது கனெக்டிங் ராடின் அடியில் உள்ள சிறு கரண்டி போன்ற துண்டு. சரிவிலோ வரப்பிலோ வெகுநேரம் சாய்த்து ஓட்டினால் அதற்கு ஆயில் எட்டாது. ஆயில் குறைந்தால் தானே நின்றுவிடும் அமைப்பு சில பெட்ரோல் எஞ்சின்களில் உண்டு. "அடிக்கடி நிற்கிறது" என்று அந்த வயரையே பிடுங்கிவிடுகிறவர்களை என்ன சொல்வது? இரவல் போகும் கருவிக்கு ஆயில் பார்ப்பார் எவருமில்லை என்பது தனிக் கதை.

புது எஞ்சினில் முதல் ஆயிலை ஏறக்குறைய 20 மணி நேரத்திலேயே மாற்றச் சொல்கிறார்கள். புதிதாக உராயும் பாகங்களின் இரும்புப்பொடி அதில் கலந்திருப்பதே காரணம். அப்புறம் 50 அல்லது 100 மணிக்கு ஒரு முறை, கைப்புத்தகப்படி. புழுதியும் வெயிலும் அதிகமானால் அதற்கும் முன்பே. ஆனால் மணிக்கணக்கு காட்டும் மீட்டர் பல கருவிகளில் இல்லை. ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, ஓட்டிய நேரத்தை அன்றன்றைக்கு எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு லிட்டர் ஆயிலுக்குச் சில நூறு ரூபாய். பிஸ்டன், ரிங், போரிங் என்று போனால் ஆயிரக்கணக்கில் ஆகும். களை முற்றும் வாரத்தில் ஆள் கூலி வேறு.

இதையெல்லாம் விவசாயி தானாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று விட்டுவிடுவது நியாயமல்ல. கருவியை விற்கும் விற்பனையாளரும் மானியம் தரும் வேளாண்மைப் பொறியியல் துறையும் ஒன்று செய்யலாம். எந்த ஆயில், எத்தனை லிட்டர், எத்தனை மணிக்கு ஒரு முறை என்று தமிழில் அச்சிட்ட ஒரு தகட்டை எஞ்சின் மீதே ஒட்டித் தரட்டும். கருவியை ஒப்படைக்கும் நாளில் ஆயில் வடிப்பதையும் கவர் கழற்றுவதையும் ஒரு முறை செய்து காட்டட்டும். அரை மணி நேர வேலை. அதுவரை, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடுவதற்கு முன், இந்த இரண்டையும் செய்து காட்டும்படி விவசாயிகள் கேட்க வேண்டும்.