உங்கள் முறை எத்தனை மணிக்கு?



எழுத விருப்பம் இருக்கிறது, தொடர்ந்து எழுதத்தான் முடியவில்லை என்று சொல்லும் கடிதங்கள் ஒவ்வொரு இதழுக்குப் பிறகும் வருகின்றன. இம்முறை நெடுங்கேணிப் பக்கமிருந்து ஒரு முன்பள்ளி ஆசிரியை எழுதியிருக்கிறார். பாண்டியன்குளத்தில் கமம் செய்துகொண்டே பத்திரிகைகளுக்குச் செய்தி அனுப்பும் ஒரு தம்பியும், வவுனியா நகரில் கடை வைத்திருக்கும் ஒருவரும் எழுதியிருக்கிறார்கள். மூவருடைய சிக்கலும் வேறு வேறு. கேள்வி மட்டும் ஒன்றுதான்: நேரத்தை எங்கேயிருந்து எடுப்பது?

முதலில் காசுக் கதையைப் பேசிவிடுவோம். வன்னியில் இருந்துகொண்டு எழுத்தை மட்டும் நம்பி அடுப்பெரிக்க ஏலாது. பிரதேச நிருபராக ஓடித்திரிபவருக்குப் பெரும்பாலும் அச்சில் வந்த செய்திக்கு மட்டும்தான் கொடுப்பனவு. மோட்டார் சைக்கிளுக்கு அடித்த பெற்றோலுக்கே அது போதாமல் போகும் மாதங்கள் உண்டு. எங்களைப் போன்ற சிறுசஞ்சிகைகள் பல வேளைகளில் இதழின் பிரதியையே சன்மானமாக அனுப்பிவிட்டுச் சிரித்துச் சமாளிக்கின்றன. ஆகவே, வேலையை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளராகுங்கள் என்று பெருநகரங்களில் சொல்லப்படும் ஆலோசனை நமக்கு உதவாது. வேறு பிழைப்போடு சேர்ந்து ஓடக்கூடிய பழக்கம்தான் நமக்கு வேண்டும்.

அப்படி எழுதியவர் நம் மண்ணிலேயே இருந்தார். பரந்தன் குமரபுரத்தில் இருந்து எழுதிய தாமரைச்செல்வி. 1973 இல் எழுதத் தொடங்கியவர். இலங்கை வானொலி அவருடைய முதல் களங்களில் ஒன்று. அந்தக் காலத்தில் வீட்டை விட்டு அதிகம் வெளிக்கிடாத எத்தனையோ பெண்களுக்கு, அடுப்படி அலுவல் முடித்து எழுதித் தபாலில் போட்டுவிட்டு ‘இசையும் கதையும்’ நிகழ்ச்சியைக் கேட்கக் காத்திருப்பதே இலக்கிய உலகத்துக்கான வாசலாக இருந்தது. 1977 இல் ‘சுமைகள்’ நாவல் வீரகேசரி பிரசுரமாக வந்தது. 1998 இல் ‘ஒரு மழைக்கால இரவு’ சிறுகதைத் தொகுதி. காட்டை வெட்டி வயலாக்கிய குடியேற்றக்காரரின் கதையான ‘பச்சை வயல் கனவு’ 2004 இல். பிறகு அவுஸ்திரேலியா போனார். அங்கிருந்து 2019 இல், படகேறிப் போன அகதிகளைப் பற்றிய ‘உயிர்வாசம்’ வந்தது.

இருநூறுக்கு மேற்பட்ட சிறுகதைகள் எழுதியவர் என்று சொல்வார்கள். கேட்டவுடன் மலைப்பாக இருக்கும். நான் அதை ஆண்டுக்கணக்கில் வகுத்துப் பார்த்தேன். வருடத்துக்கு நாலைந்து கதை, அதாவது மூன்று மாதத்துக்கு ஒன்று. நம்மால் முடியாத வேகம் அல்ல. அந்த வேகத்தை ஏறக்குறைய அரை நூற்றாண்டு கைவிடாமல் வைத்திருந்ததுதான் பெரிய காரியம். இடையில் என்னவெல்லாம் வந்துபோயின என்று வன்னி வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. 1996 இல் போரில் கிளிநொச்சியே இடம்பெயர்ந்து எழும்பி நடந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் தங்க விலை, பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். ஜாம்போத்தல் விளக்கில்தான் பிள்ளைகள் படித்தார்கள், எழுதுகிறவர்கள் எழுதினார்கள். யாழ்ப்பாணத்தில் பத்திரிகைகளே கோடு போட்ட கொப்பித்தாளில் அச்சாகின. நல்ல மேசையும் அமைதியான அறையும் கிடைத்தபின் எழுதுவேன் என்று இருந்தவர் எவரும் அந்தக் காலத்தில் ஒரு வரியும் எழுதியிருக்க முடியாது.

யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் கடையில் நின்றுகொண்டே 1966 இல் ‘மல்லிகை’ சஞ்சிகையைத் தொடங்கி, நாற்பது வருடங்களுக்கு மேல் கொண்டுவந்த டொமினிக் ஜீவாவையும் இங்கே நினைக்கிறேன். ‘கரைந்த நிழல்கள்’ எழுதிய அசோகமித்திரன் சென்னையில் பூங்கா வாங்கில் இருந்து எழுதியவர். இங்கிலாந்தில் தபால் திணைக்கள உத்தியோகத்தராக இருந்த நாவலாசிரியர் அந்தோனி ட்ரொலொப் விடியப்புறம் ஐந்தரைக்கு எழுதக் குந்திவிடுவார், கால் மணித்தியாலத்துக்கு 250 சொல் என்று கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு. அவர் இறந்தபிறகு, 1883 இல் வெளியான தன்வரலாற்றில் இந்த விபரம் தெரியவந்ததும், இப்படிக் கணக்கு வைத்தா இலக்கியம் செய்வது என்று விமர்சகர்கள் முகம் சுழித்தார்களாம். கடிகாரம் வைத்துச் சொல் எண்ணும்படி நான் சொல்லமாட்டேன். நேரத்தை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

நம்முடைய கமக்காரருக்கு இதை எவரும் படிப்பிக்கத் தேவையில்லை. சிறுபோகத்தில் வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துத்தான் விடுவார்கள். முறை இரவு ஒரு மணிக்கு என்றால் ஒரு மணிக்கு மண்வெட்டியும் ரோச்சுமாக வரம்பில் நிற்க வேண்டும். இன்றைக்கு மனம் வருகிறதா என்று எவரும் கேட்பதில்லை. போகாவிட்டால் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும். எழுத்துக்கும் அப்படி ஒரு முறையை வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அந்த மூவருக்கும் என் பதில். ஆசிரியைக்கு அது பிள்ளைகள் படுத்தபின் அரை மணித்தியாலமாக இருக்கலாம். கடைக்காரருக்கு மத்தியானச் சனம் குறைந்த நேரம். நீளம் முக்கியமில்லை. ஒவ்வொரு நாளும் அதே நேரமாக இருக்கட்டும், வீட்டுக்காரருக்கும் அது தெரிந்திருக்கட்டும். வீட்டில் சொல்லாமல் எழுதுகிறவரைத்தான் அடிக்கடி தேங்காய் துருவக் கூப்பிடுகிறார்கள்.

பாண்டியன்குளத்துத் தம்பிக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல இருக்கிறது. சுயாதீனமாக எழுதுகிறவருக்கு நேரத்தைப் போலவே காலக்கணக்கும் வேண்டும். நமக்கு அது ஊரிலேயே இருக்கிறது. ஐப்பசி மழையோடு காலபோகம் களைகட்டும், தை மாசியில் அறுவடை. நெல் எல்லாம் ஒரேயடியாகச் சந்தைக்கு வரும்போது விலை விழும். அதைப் பற்றிய கட்டுரை பங்குனியில் என் மேசைக்கு வந்தால் நெல் வித்து முடிந்திருக்கும். மார்கழியில் எழுதத் தொடங்குங்கள், களஞ்சியங்களையும் ஆலைக்காரரையும் அப்போதே போய்ப் பாருங்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல், அதையொட்டிக் காட்டில் பாலைப்பழம். மாசத்துக்கு ஒரு விசயம் வரிசையாகக் காத்துக்கொண்டு நிற்கிறது. என்ன எழுதுவது என்று கொப்பியை வெறித்துப் பார்க்கும் நாட்கள் இதனால் பாதியாகக் குறையும்.

ஒரே விசயத்தை விடாமல் குறித்து வைப்பதும் ஒரு வகை எழுத்துத்தான். 2018 டிசெம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கியபோது, இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் எப்போது திறக்கப்பட்டன என்பது பெரிய வாதமாகி விசாரணை வரைக்கும் போனது. குளத்து நீர்மட்டத்தைக் கிழமைக்கு ஒருதடவை கொப்பியில் எழுதிவந்த ஒருவர் அந்த நேரத்தில் எழுதக்கூடிய கட்டுரையை, வெள்ளம் வந்தபின் பேனை எடுத்தவர் எழுத முடியாது. பெரிய ஊடகங்கள் ஏ9 வீதியால் வந்து ஏ9 வீதியாலேயே திரும்பிப்போகின்றன. உள்வீதியில் இருக்கிறவர் நீங்கள். உங்கள் குளத்தையோ பாடசாலையையோ வாடியையோ ஒரு வருடம் பின்தொடர்ந்தால், வேறெவரிடமும் இல்லாத ஒன்று உங்கள் கையில் இருக்கும். பத்திராதிபர்கள் உங்களைத் தேடி வருவதற்கு அதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. கொடுப்பனவு பற்றித் துணிந்து பேசவும் அதுவே இடம்தரும்.

எழுதியதற்கு ஒரு பிரதி வையுங்கள். ஓடின ஓட்டத்தில் கையெழுத்துப் பிரதிகளை விட்டுவந்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர். இப்போது ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்து உறவுக்காரர் ஒருவருக்கு அனுப்பிவைக்க ஒரு நிமிடம் போதும்.

அடுத்த இதழிலிருந்து வாசகர்களுக்கென்று இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். உங்கள் ஊரில் ஒரே ஒரு விசயம், 400 சொல்லுக்குள். மாதத்தின் முதல் கிழமைக்குள் கிடைக்க வேண்டும். கையால் எழுதி அனுப்பினாலும் நாங்கள் தட்டச்சுச் செய்வோம், எழுத்துப்பிழையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மூன்று மாதம் தவறாமல் அனுப்புகிறவருக்கு நிரந்தரப் பத்தி ஒன்று தருவதாக எண்ணம். சன்மானமும் உண்டு. சிறிய தொகைதான், ஆனால் இம்முறை இதழின் பிரதியாக அல்ல, காசாக.

அன்புடன்,
ஆசிரியர்