மரங்களின் தேதியைக் குறித்து வையுங்கள்

நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டி அடிவாரத்துக்கும் மலையுச்சிக்கும் பொதுவானது. மரங்களின் நாட்காட்டியோ அப்படியல்ல. மலைமேல் ஏறும்போது, ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6 டிகிரி செல்சியஸ் குறைகிறது. ஆகவே குளிர்நாடுகளில் அடிவாரத்து மரம் தளிர்த்துப் பல நாட்கள் சென்ற பின்னரே, மேலே நிற்கும் அதே இன மரம் தளிர்க்கும். வசந்தகாலம் 400 அடி உயரத்துக்கு 4 நாட்கள் தாமதமாகும் என்று 1918-இல் ஹாப்கின்ஸ் என்ற அமெரிக்கப் பூச்சியியல் அறிஞர் இதை ஒரு விதியாகவே வகுத்தார்.

இந்த விதி என்றும் மாறாததா? ஆல்ப்ஸ் மலையைப் பாருங்கள். அங்கு பீச், ஸ்புரூஸ், லார்ச், ஹேசல் ஆகிய நான்கு மரங்கள் தளிர்த்த நாட்களைப் பற்றி, 1960 முதல் 2016 வரை சேர்ந்த 20,000-க்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. அவற்றை ஆராய்ந்த முடிவு 2018-இல் வெளியாயிற்று. 1960-இல் 1,000 மீட்டருக்கு 34 நாட்களாக இருந்த இடைவெளி, 22 நாட்களாகச் சுருங்கிவிட்டது! புவி வெப்பமடைவதால் உயரத்து மரங்கள் அதிகமாக முந்திக்கொள்கின்றன. கீழேயுள்ள மரங்களுக்கோ குளிர்காலத்தில் போதிய குளிர் கிடைக்காவிட்டால் மொட்டின் உறக்கம் எளிதில் கலைவதில்லை.

பன்னிரண்டு நாள்தானே என்று எண்ணாதீர்கள். இளந்தளிரைத் தேடி மலையேறும் மான்களுக்கு, கீழே தளிர் முற்றும்போது மேலே புதுத்தளிர் காத்திருக்கும். இடைவெளி சுருங்கினால் இளந்தளிர் கிடைக்கும் காலமும் சுருங்கும்.

இம்மாற்றத்தைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவிகள் தேவைப்படவில்லை. ஆண்டுதோறும் ஒரே மரத்தைப் பார்த்துத் தேதியைக் குறித்து வைத்தவர்களே இதற்கு அடிப்படை. சுவிட்சர்லாந்தில் இப்பணி 1951 முதல் நடந்து வருகிறது. ஆய்வுக்கூடச் சோதனைக்கு நாம் தரும் மதிப்பை இந்தக் குறிப்பேட்டுக்கும் தர வேண்டும் என்பது என் கருத்து.

ஆல்ப்ஸின் கணக்கை நம் மலைகளுக்கு அப்படியே கடன் வாங்க முடியாது. இங்கே வெப்பத்தோடு மழையும் மரங்களின் காலத்தை முடிவு செய்கிறது. நம் கணக்கை நாமே எழுத வேண்டும். பள்ளி மாணவர்களைக் கொண்டு மரங்களைக் கவனிக்கும் சீசன்வாட்ச் என்ற திட்டம் 2010-இல் இந்தியாவில் தொடங்கியது. மேட்டுப்பாளையத்துப் பலாவை ஒரு மாணவியும், மலைமேல் பர்லியாற்றுப் பலாவை ஒரு மாணவனும் வாரந்தோறும் கவனித்து, முதல் பிஞ்சு தோன்றும் நாளை எழுதி வந்தால் எவ்வளவோ தெரியவரும்!

உங்கள் பள்ளி வளாகத்திலேயே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். இந்த ஆண்டு எழுதத் தவறிய தேதியைப் பின்னர் எந்தக் கருவியாலும் மீட்க இயலாது.