வளர்ப்பின் குற்றமன்று, வகுப்பறையின் கடமை

“பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை” என்பதே, கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு (ஏ.டி.எச்.டி.) உள்ள குழந்தையின் தாய்க்கு நம் சமூகம் வழங்கும் முதல் சான்றிதழ். மருத்துவர் பார்ப்பதற்கு முன்பே உறவினரும் வகுப்பாசிரியரும் அதில் கையொப்பமிட்டு விடுகின்றனர். இத்தீர்ப்பு அறியாமையால் மட்டும் நிலைத்திருக்கவில்லை. வசதியாகவும் இருப்பதால் நிலைத்திருக்கிறது. குற்றம் வீட்டினுடையது என்றாகிவிட்டால், பள்ளி தன்னிடம் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

பொம்மனஹள்ளியின் ஆயத்த ஆடை ஆலையிலிருந்து மாலையில் வீடு திரும்பும் தமிழ்த் தாய் ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். மகனின் பையில் பென்சில் இல்லை. கன்னடப் பாடம் பாதியில் நிற்கிறது. நாட்குறிப்பில் சிவப்பு மையில் “கவனமில்லை” என்றிருக்கிறது. ஐந்து வரி எழுத ஒன்றரை மணி நேரம். எழுந்தோடும் சிறுவனை அவள் மீண்டும் அமர்த்துவதற்குள் உலை பொங்கி அடுப்பு அணைகிறது. அதே ஓசூர் சாலையில் சில கிலோமீட்டர் வடக்கே, 1974இல் உருவான நிம்ஹான்ஸ் இருக்கிறது. குழந்தைகள், வளரிளம் பருவத்தினரின் மனநலத்துக்கெனத் தனித்துறையும் அங்குண்டு. அங்குச் சென்றுவர ஒருநாள் கூலியை இழக்க வேண்டும். இழந்து பெற்ற மருத்துவ அறிக்கை வகுப்பறைக்குள் எதை மாற்றும் என்பதே கேள்வி.

“இது மருந்து நிறுவனங்கள் கட்டிய கதை” என்போர் கற்றவர்களிடையேயும் உண்டு. லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர் இத்தகைய குழந்தைகளைப் பற்றி விரிவுரையாற்றியது 1902இல். இன்று பரவலாகப் பயன்படும் மெத்தில்ஃபெனிடேட் முதன்முதலில் தயாரிக்கப்பட்டதோ 1944இல். விவரிப்பு முந்தியது, மருந்து பிந்தியது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு, அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தென்பட வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட சூழல்களில் காணப்பட வேண்டும் என நிபந்தனை விதிக்கிறது. வீட்டில் மட்டும் அடங்காத பிள்ளை அந்த வரையறைக்குள் வராது. வளர்ப்பைக் குறைகூறும் வாதம் இங்கேயே முறிந்துவிடுகிறது. மிகையாக நோயறிதல் செய்யப்படுகிறது என்னும் மேலைநாட்டு விவாதத்தில் பொருளிருக்கலாம். நோயறிதலுக்கே வழியற்ற தெருவில் அதை ஒப்பிப்பது கைகழுவல்.

சட்டமும் பாதி வழியில் நின்றுவிடுகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இருபத்தொரு குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அதில் உள்ளன, ஏ.டி.எச்.டி. என்னும் பெயர் இல்லை. பள்ளிகள் இந்த இன்மையின் பின்னே ஒளிந்துகொள்கின்றன. ஆயினும் அதே சட்டத்தின் பிரிவு 2, நீண்டகால மனநிலைக் குறைபாடு சூழலின் தடைகளோடு மோதிச் சமமான பங்கேற்பைத் தடுத்தால், அவரையும் மாற்றுத்திறனாளி என்றே வரையறுக்கிறது. தேவைக்கேற்ற தகவமைப்பைப் பள்ளிகளில் கோருகிறது பிரிவு 16. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறைபாடுள்ள தேர்வர் ஒருவர் தொடுத்த விகாஷ் குமார் வழக்கில், 40 விழுக்காட்டு அளவுகோலை எட்டவில்லை என்பதற்காகத் தகவமைப்பை மறுக்கலாகாது என 2021இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பட்டியலை விரிவாக்க நாடாளுமன்றம் கூடவும் வேண்டியதில்லை. மைய அரசின் ஓர் அறிவிக்கை போதும் என்கிறது அட்டவணையின் இறுதிக்கூறு.

அக்குழந்தை கேட்பது பெருஞ்செலவன்று. முன்வரிசை இருக்கை, துண்டு துண்டாகப் பகுத்த வீட்டுப்பாடம், கரும்பலகையில் எழுதிய அறிவுறுத்தல், தேர்வில் கூடுதல் நேரம், நடுவே எழுந்து நடக்க அனுமதி. இவற்றைத் தராத பள்ளி, அவனை வெளியே நிறுத்துவதற்கு மட்டும் தயங்குவதில்லை. உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 17, 2009லேயே தடை செய்துவிட்டது.

உள்ளடக்கக் கல்வி குறித்துக் கருத்தரங்குகள் நடத்தும் பல்கலைக்கழகத் துறைகள், ஆசிரியப் பயிற்சி மாணவர்களை இத்தகைய ஒரு சிறுவனோடு ஒரு முழுப் பருவம் பழக விட்டிருக்கின்றனவா? இல்லையெனில் அக்கருத்தரங்குகள் யாருக்காக? பொம்மனஹள்ளித் தாய்க்கு வேண்டியது அறிவுரையன்று. அவள் மாலையில் தனியே செய்யும் வேலையில் பாதியை, பகலில் பள்ளி செய்ய வேண்டும்.