புறப்படுமுன் கணக்குப் பாருங்கள்

தியானப் பகுதி: அப்போஸ்தலருடைய நடபடிகள் 27:9–44





பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நம் சபைகளில் பயணப் பேச்சு எழுகிறது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைத் தரங்கம்பாடிக்கு அழைத்துச் சென்று, சீகன்பால்கு 1718இல் பிரதிஷ்டை செய்த புதிய எருசலேம் ஆலயத்தைக் காட்ட வேண்டும் என்கிறோம். வாலிபர்கள் பிச்சாவரம் என்கிறார்கள். இவை நல்ல விருப்பங்களே. ஆனால் வேன் வாடகையும் தலைக்கு எவ்வளவு என்பதும் முடிவானவுடன், “ஜெபம் பண்ணிப் புறப்படுவோம், மற்றதைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார்” என்று திட்டத்தை மூடிவிடுகிறோம். அதை விசுவாசம் என்று நான் எண்ணவில்லை. நாம் செய்ய வேண்டிய வேலையைக் கர்த்தர்மேல் சுமத்திவிட்டு, அதற்கு விசுவாசம் என்று பெயரிடுகிறோம்.

இதை நான் சற்றுக் கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே ஓடும் இருப்புப்பாதையில் செம்மங்குப்பம் ரயில்வே கேட்டை நாம் யாவரும் அறிவோம். 2025 ஜூலை 8 காலையில், பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற வேன்மீது விழுப்புரம்–மயிலாடுதுறை பயணிகள் ரயில் அங்கே மோதியது. மூன்று மாணவர்கள் உயிரிழந்தார்கள். கேட் மூடியிருந்தால்தான் ரயிலுக்குச் சிக்னல் கிடைக்கும் என்ற ‘இன்டர்லாக்கிங்’ ஏற்பாடு அப்போது அந்தக் கேட்டில் இருக்கவில்லை. கேட் கீப்பர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அந்தப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளைச் சாப்பாட்டுப் பையோடு பள்ளிக்கு அனுப்பினார்கள். அவர்கள் எதிலும் தவறவில்லை. அவர்களுடைய துக்கத்தை எவரும் பாடமாக்கிப் பேசுதல் தகாது. ஆயினும் மற்றவர்களின் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு புறப்படுகிற நாம், ஒரு வண்டியில் எத்தனை வீடுகளின் நம்பிக்கை ஏறியிருக்கிறது என்பதை அங்கே காண்கிறோம். அந்த நம்பிக்கைக்கு நாம் எவ்வளவு கவனத்தைத் திருப்பித் தருகிறோம்?

பவுல் தடுத்த பயணம்

நடபடிகள் 27ஆம் அதிகாரம் தவறாகத் திட்டமிட்ட ஒரு பயணத்தின் வரலாறு. பவுல் ரோமாபுரியில் சாட்சி கொடுப்பான் என்று கர்த்தர் முன்னமே வாக்களித்திருந்தார் (23:11). அந்த வாக்குத்தத்தத்தைப் பெற்றவனே, நல்ல துறைமுகம் என்னும் இடத்தில், இப்போது புறப்பட்டால் சேதம் வரும் என்று எச்சரிக்கிறான். உபவாச நாள் கடந்துவிட்டது. மத்தியதரைக் கடலில் கப்பல் ஓட்டும் பருவம் முடிந்துகொண்டிருந்தது. வாக்குத்தத்தம் கையில் இருந்தும் அவன் பருவத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டான்.

அவன் பேச்சு ஏற்கப்படவில்லை. அங்கே நடந்த மூன்று தவறுகளும் நம் பயணக் கூட்டங்களிலும் நடக்கின்றன.

முதலாவது, நூற்றுக்கு அதிபதி மாலுமியையும் கப்பல் எஜமானையும் நம்பினான். சரக்கு போய்ச் சேர்ந்தால்தான் எஜமானுக்கு ஆதாயம். வாடகையைப் பங்கிட வசதியாக இருக்கும் என்று பன்னிரண்டு பேர் அமரும் வேனில் இருபது பேரை ஏற்றும்போது, நாமும் அந்த எஜமானின் சொல்லையே கேட்கிறோம்.

இரண்டாவது, அங்கே பெரும்பான்மையோரின் யோசனை வென்றது. நம் கூட்டங்களிலும் உரத்த குரல்களே முடிவெடுக்கின்றன. சர்க்கரை நோய்க்கு வேளாவேளைக்கு உணவு வேண்டிய பாட்டியும், கைக்குழந்தையோடு வரும் தாயும் வாய் திறப்பதில்லை. பயணத்தின் வேகத்தை அவர்களைக் கொண்டே அளக்க வேண்டும். யாக்கோபு ஏசாவிடம், பிள்ளைகளும் கறவலாடுகளும் நடக்கக்கூடிய அளவிலேயே தான் மெதுவாக வருவதாகச் சொன்னான் (ஆதியாகமம் 33:13–14). ஒரே நாள் விரைந்து ஓட்டினாலும் மந்தை மாண்டுபோகும் என்று அந்த மேய்ப்பன் அறிந்திருந்தான்.

மூன்றாவது, தென்றல் மெதுவாக வீசியதும் காரியம் கைகூடியது என்று எண்ணினார்கள். சற்றுநேரத்தில் யூரோக்கிலிதோன் மோதியது. நம் கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கடலூர்க் கரையை எப்படிப் புரட்டிப்போட்டது என்பதைப் பார்த்தவர்கள் நம்மிடையே இருக்கிறீர்கள். காலையில் வெயில் அடிக்கிறது என்பது முடிவெடுக்கப் போதுமான காரணம் ஆகாது. வானிலை எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிவைப்போம் என்று முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள். முன்பணம் கொடுத்தபின் அந்தத் தீர்மானம் எடுப்பது கடினம்.

அவசரம் நுழையும் இடம்

பயண அட்டவணையைப் பார்த்தாலே அவசரம் தெரிந்துவிடும். விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பாடு, ஒரே நாளில் ஐந்து இடங்கள், நள்ளிரவில் வீடு. இத்தகைய அட்டவணையில் பழைய ஆலயம் ஒன்றில் அமைதியாக அமர்ந்து ஜெபிக்கக்கூட நேரம் இராது. எல்லாரும் வேனில் உறங்குகிறோம். ஓட்டுநர் எப்போது உறங்குவார் என்று அட்டவணை எழுதியவர் கேட்டதுண்டா? இரவுப் பயணத்தைத் தவிருங்கள். இரண்டு இடங்கள் போதும்.

ஆளில்லாத ரயில்வே கேட்டில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, உடன் வருபவர் இறங்கிச் சென்று இருபுறமும் ரயில் வரவில்லை என்று பார்த்த பின்னரே கடக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 131ஆம் பிரிவு. ஆள் இருக்கும் கேட்டுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. ஆயினும் கேட் திறந்திருந்தாலும் நின்று, பாட்டை நிறுத்தி, இருபுறமும் பார்த்துக் கடக்கும் பழக்கத்தை நம் சபை வண்டிகள் கைக்கொள்ளலாம். அதற்கு ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தை நாம் அட்டவணையிலேயே வைத்திருந்தால், ஓட்டுநரை யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

தண்ணீரும் தலை எண்ணிக்கையும்

தரங்கம்பாடி செல்லும் நாம் சிதம்பரத்தைத் தாண்டியதும் கொள்ளிடத்தைக் கடக்கிறோம். பிள்ளைகள் ஆற்றைக் கண்டால் இறங்க ஆசைப்படுவார்கள். 2022 அக்டோபர் 3 அன்று, தூத்துக்குடியிலிருந்து பூண்டி மாதா பேராலயத்துக்கு வந்த குழுவினரில் ஆறு பேர் இதே கொள்ளிடத்தில் குளிக்க இறங்கி மூழ்கி இறந்தார்கள். ஆலயத்துக்கு வந்தவர்கள் அவர்கள். காவிரியில் மிகுந்து வரும் வெள்ளம் முக்கொம்பு மேலணையிலிருந்து கொள்ளிடத்தில்தான் திறந்துவிடப்படுகிறது. இங்கே ஒரு துளி மழை இல்லாதபோதும் ஆறு பெருகும். மணல் எடுத்த பள்ளங்கள் மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. ஆற்றிலும் கடலிலும் இறங்குவதில்லை என்பதைப் புறப்படுமுன்பே பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுங்கள்.

யோசேப்பும் மரியாளும் பயணக் கூட்டத்தாரோடு பிள்ளை இருக்கிறான் என்று நினைத்து ஒரு நாள் பிரயாணம் போனார்கள் (லூக்கா 2:44). பரிசுத்த குடும்பத்துக்கே நேர்ந்த இந்தத் தவறு நமக்கு நேராதென்று எப்படிச் சொல்வோம்? பெருங்கூட்டத்தில் ஒவ்வொருவரும் அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று நினைக்கிறார்கள். ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்று பெயர் குறித்துப் பொறுப்புக் கொடுங்கள். வண்டி கிளம்பும் ஒவ்வொரு முறையும் அவர் எண்ணட்டும். பெயர், பெற்றோரின் தொலைபேசி எண், உண்ணும் மருந்து ஆகியவை எழுதிய பட்டியலின் ஒரு பிரதி ஊரில் இருக்கட்டும்.

“அப்படியானால் ஜெபம் எதற்கு?”

சிலர் இப்படிக் கேட்பீர்கள். மீண்டும் பவுலைப் பாருங்கள். ஒருவருக்கும் பிராணச்சேதம் வராது என்று தேவதூதன் சொன்ன பிறகும், மாலுமிகள் படகில் தப்பிப்போக முயன்றபோது, இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பமாட்டீர்கள் என்று அவன் சொல்லித் தடுத்தான். பதினாலு நாள் பட்டினி கிடந்தவர்களைச் சாப்பிட வற்புறுத்தினான். அப்பத்தை எடுத்து எல்லாருக்கும் முன்பாக ஸ்தோத்திரமும் செலுத்தினான். ஜெபமும் விவேகமும் அவனிடத்தில் சேர்ந்தே இருந்தன. இருநூற்று எழுபத்தாறு பேரும் கரைசேர்ந்தார்கள்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் நம் கைக்கு அப்பாற்பட்டவை உண்டு. செம்மங்குப்பம் அதை நமக்கு மறக்க விடாது. அந்த இடத்துக்காகத்தான் ஜெபம். நாமே செய்யக்கூடியதைச் செய்யாமல் விட்ட இடத்தை மூடுவதற்காக அன்று.

ஆகவே அடுத்த பயணத்துக்குப் பெயர் கொடுக்குமுன், பொறுப்பாளர்கள் ஒரு மாலை உட்காருங்கள். பருவம், வண்டி, ஓட்டுநரின் ஓய்வு, இடங்களின் எண்ணிக்கை, தண்ணீர், தலை எண்ணிக்கை ஆகிய ஆறையும் எழுதிப் பாருங்கள். பின்பு முழங்காற்படியிடுங்கள். அந்த மூன்று பிள்ளைகளின் வீடுகளையும் அன்று உங்கள் ஜெபத்தில் நினைவுகூருங்கள்.

ஜெபம்: எங்கள் போக்கையும் வரத்தையும் அறிந்த கர்த்தாவே, நீர் எங்கள் கையில் ஒப்புவித்த பிள்ளைகளையும் முதியோரையும் பொறுப்போடு நடத்த எங்களுக்கு ஞானம் தாரும். எங்கள் அவசரத்தை அடக்கும். பிள்ளையை இழந்து துயருறும் பெற்றோரை நீரே தேற்றும். இயேசுவின் நாமத்தில் வேண்டிக்கொள்ளுகிறோம், நல்ல பிதாவே. ஆமென்.