முக்கால் நிமிஷத்துக்காக எஞ்சினைப் பிரிக்கணுமா?

எங்க ஊர்ல (ஆரணிங்க, பட்டுச்சேலை ஆரணி) பைக் வெச்சிருக்கிற பசங்க நாலு பேர் சேர்ந்தா இதான் பேச்சு. "போர் பண்ணிட்டா வண்டி பறக்கும்ணா", "சைலன்சர மாத்தினா சும்மா அள்ளும்ணா". தறியில உக்காந்து சேத்த காசை மெக்கானிக் ஷெட்டுல கொட்டிட்டு வர்றாங்க. இதைப் பத்தி ஒரு பதிவு போட்டுடணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டு இருந்தேன்.

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். தினமும் ரோட்டுல ஓட்டுற வண்டிக்கு எஞ்சினை 'ஏத்துறது' போட்ட காசுக்குப் பெறாத வேலை. ஏன்னு கேட்டா கொஞ்சம் கணக்கு வரும். ஓடிடாதீங்க, எட்டாங்கிளாஸ் கணக்குதான் :-)

போர் பண்ணா பறக்குமா?

நம்ம ஊர்ல பாதிப் பேர் வெச்சிருக்கிற ஸ்ப்ளெண்டரையே எடுத்துக்குவோம். 1994ல இருந்து ஓடிட்டு இருக்கிற வண்டி. சிலிண்டர் விட்டம் 50 மி.மீ, பிஸ்டன் மேலயும் கீழயும் போற தூரம் 49.5 மி.மீ. பெருக்கிப் பாத்தா 97.2 சிசி. இதை அரை மில்லி போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டா எவ்வளவு வரும்? 99 சிசி. ஒரு முழு மில்லி போனாலும் 101 சிசிதான். அதாவது நாலு சதவீதம். நாலு சதவீதத்துல எந்த வண்டியும் பறக்காது சாமி.

"இல்லண்ணா, போர் பண்ணதும் நெஜமாவே பிக்கப் வந்துச்சு"ன்னு சொல்றவங்க பொய் சொல்லல. சிலிண்டர் தேஞ்சு, ரிங் போயி, கம்ப்ரஷன் ஒழுகிட்டு இருந்த வண்டியை அவங்க போர் பண்ணியிருப்பாங்க. புது பிஸ்டன் போட்டதும் பழைய பலம் திரும்ப வந்திருக்கும். வண்டி வாங்கின அன்னிக்கு இருந்த பலம் அது, புதுசா எதுவும் ஏறல. காய்ச்சல்ல படுத்தவன் எழுந்து நடந்தா பயில்வான் ஆயிட்டான்னு சொல்லுவோமா?

காத்து விடாது

அடுத்தது டாப் ஸ்பீடு. இங்கதான் நெறைய பேர் ஏமாறுறாங்க. வேகம் கூடக் கூட வண்டிக்கு முதல் எதிரி காத்து. அந்தக் காத்தைத் தள்ளத் தேவைப்படுற பலம் வேகத்தோட முப்படியில ஏறும். வேகம் ரெண்டு மடங்கு வேணும்னா பலம் எட்டு மடங்கு வேணும்!

சின்னதா ஒரு உதாரணம். 85ல போற வண்டி 95ல போகணும்னா, ஏறக்குறைய 40 சதவீதம் கூடுதல் பலம் வேணும். ஸ்ப்ளெண்டருக்கு இருக்கிறதே ஏழரை, எட்டு குதிரைத்திறன். அதுல இன்னும் மூணு குதிரையைச் சேக்கணும். ஏர் ஃபில்டர் மாத்தி, பிளக் மாத்தி, ஸ்டிக்கர் ஒட்டி மூணு குதிரை வராதுங்க.

மூணு குதிரை எவ்வளவு பெரிய விஷயம்னு புரியணும்னா பல்சர் கதையைப் பாருங்க. 2001ல பல்சர் 150 வந்தப்போ 12 குதிரை. 2003ல பஜாஜ் ரெட்டை பிளக் வெச்சு டிடிஎஸ்-ஐ-னு விட்டாங்களே, அதுல 13. ஆராய்ச்சிக்கூடம், எஞ்சினியர்கள் கூட்டம், பரிசோதனை மேடைன்னு எல்லாம் வெச்சிருக்கிற கம்பெனிக்கே ஒரு குதிரைதான் கெடைச்சது. நம்ம பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஷெட்டுல ஒரு மத்தியானத்துல மூணு குதிரை கெடைக்கும்னா, அந்த மெக்கானிக்கைக் கையோட பூனாவுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்.

காஞ்சிபுரம் கணக்கு

சரி, ஒரு பேச்சுக்கு அந்த மூணு குதிரை கெடைச்சிடுச்சுன்னே வெச்சுக்குவோம். என்ன லாபம்?

ஆரணியில இருந்து செய்யாறு வழியா காஞ்சிபுரம் அறுபது கிலோமீட்டருக்கு மேல. பட்டு வேலையில இருக்கிறவங்க அடிக்கடி போய் வர்ற ரோடு. ஊருக்கு ஊர் வேகத்தடை, குறுக்கே வர்ற ஆடு மாடு, எதிர்ல மூஞ்சிக்கு நேரா வர்ற பஸ், களத்துமேடு பத்தாம ரோட்டுலயே காயுற நெல்லு. இதுக்கு நடுவுல முழு த்ராட்டில் திருகிப் போற தூரம் எவ்வளவு இருக்கும்? தாராளமா பத்து கிலோமீட்டர்னு வெச்சுக்கலாம்.

பத்து கிலோமீட்டரை 85ல போனா ஏழு நிமிஷம். 95ல போனா ஆறேகால் நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல. மிச்சம் முக்கால் நிமிஷம்! செய்யாறுல வண்டிய நிறுத்தி ஒரு டீ சொன்னா, டீ கைக்கு வர்றதுக்குள்ள அந்த மிச்சம் காலி.

நெசவு தெரிஞ்சவங்களுக்கு இதை விளக்கவே வேணாம். நாடா எவ்வளவு வேகமா ஓடுதுங்கிறது பேச்சே இல்ல. இழை அறாம எவ்வளவு நேரம் ஓடுது, அதான் சேலை எப்போ எறங்கும்னு முடிவு பண்ணும். வண்டிக்கும் அதே கதைதான்.

ஆர்எக்ஸ் 100 ரசிகர்கள் அடிக்க வராதீங்க

"ஸ்ப்ளெண்டர வெச்சுப் பேசாதீங்க, ஆர்எக்ஸ் 100 வெச்சுப் பேசுங்க"ன்னு ஒரு கோஷ்டி கெளம்பும்னு தெரியும். பேசலாம். 1985ல வந்து 1996ல நின்னு போன வண்டிக்கு இன்னிக்கும் அந்த மவுசு. 98 சிசி, 11 குதிரை, நூறு கிலோவை ஒட்டின எடை.

டூ ஸ்ட்ரோக்குல போர்ட்டிங் பண்ணி, எக்ஸ்பான்ஷன் சேம்பர் சைலன்சர் போட்டா பலம் நெஜமாவே ஏறும். மறுக்கல. ஆனா அது எங்க ஏறுது? எஞ்சின் உச்சத்துல கத்துறப்போதான். அதுக்குக் கீழ, ரெண்டாவது மூணாவது கியர்ல கூட்டத்துல நகர்ற இடத்துல, இருந்த இழுவையும் போயிடும். ஆர்எக்ஸ் 100க்குப் பேரே அந்தக் கீழ்ச்சுத்து இழுவைதானே? அதை வித்துட்டு எதை வாங்குறோம்? கூடவே மைலேஜும் போகும். புது சைலன்சருக்கு ஏத்த ஜெட் போடலைன்னா கலவை மெலிஞ்சு, சூடேறி, பிஸ்டன் சீஸ் ஆகி நடு ரோட்டுல நிக்கும்.

சில பேர் ஆர்எக்ஸ் 135 பிளாக்கைத் தூக்கி வெப்பாங்க. 98 சிசி 132 ஆகும். கிட்டத்தட்ட 35 சதவீதம் கூடுதல், பெரிய விஷயம்தான். ஆனா பலமும் அதே அளவு ஏறினாக்கூட மேல சொன்ன முப்படிக் கணக்குல டாப் ஸ்பீடு பத்து சதவீதம்தான் ஏறும்.

சத்தம் மட்டும் நல்லா ஏறும். சத்தம் கூடினா வேகமும் கூடின மாதிரி காது நம்பிடும். போதாக்குறைக்கு ஸ்பீடோமீட்டர் பெரும்பாலும் உள்ளதை விடக் கொஞ்சம் கூட்டியே காட்டும். சந்தேகம் இருந்தா வேலை பாக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை, அதே ரோட்டுல போன்ல ஜிபிஎஸ் வெச்சுப் பாருங்க. காது சொல்றதையும் ஜிபிஎஸ் சொல்றதையும் ஒப்பிட்டா சிரிப்பு வரும்.

பிரேக்கை யார் ஏத்துவாங்க?

எனக்கு நெஜமாவே வயித்தெரிச்சல் இந்த இடத்துலதான். 85ல போற வண்டியை நிறுத்துறதை விட 95ல போற வண்டியை நிறுத்த பிரேக் 25 சதவீதம் கூடுதலா உழைக்கணும். எஞ்சினுக்குச் செலவு பண்ற தம்பிகள்ல எத்தனை பேர் பிரேக் ஷூ மாத்துறாங்க? எத்தனை பேர் வழுக்கையான பின் டயரை மாத்துறாங்க? அதே 130 மி.மீ டிரம், அதே மெலிசு டயர். ஏத்தினது போற வேகத்தை மட்டும்தான், நிக்கிற திறமை அங்கயேதான் இருக்கு. இதுல பின்னாடி தங்கச்சியையும் உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போறாங்க.

சட்டமும் இருக்கு. கம்பெனி விவரப்படி ஆர்.சி.ல இருக்கிறதுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு சொல்லுது. 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாசம் வரை ஜெயில், அல்லது ரெண்டும். விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ்காரங்க முதல்ல நோண்டுறதும் இதைத்தான்.

அப்போ எங்கதான் பெறும்?

ரெண்டு இடத்துல பெறும்.

ஒண்ணு ரேஸ். அந்தக் காலத்துல சோழவரம், 1990ல இருந்து இருங்காட்டுக்கோட்டை. அங்க முக்கால் நிமிஷம் இல்ல, முக்கால் விநாடிக்கே கப் கைமாறும். எதிர்ல பஸ் வராது. ஒவ்வொரு ரேஸுக்கும் எஞ்சினைப் பிரிக்க ஆள் இருக்கும். ஆசை இருக்கிற தம்பிங்க அங்க போய்க் கத்துக்கட்டும், நானே வந்து கைதட்டுறேன்.

ரெண்டாவது, வேலைக்குத் தேவையான இழுவை. டிவிஎஸ் எக்ஸ்.எல்.லைப் பாருங்க. 70 சிசி டூ ஸ்ட்ரோக்கா இருந்தது 100 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் ஆச்சு. குதிரைத்திறன் ஒண்ணு கூட முழுசா ஏறல. ஆனா இழுவை கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடிச்சு, அதுவும் குறைஞ்ச சுத்துலயே. பின்னாடி மூட்டையைக் கட்டிக்கிட்டுப் போறவருக்கு வேண்டியது அதான். எது வேணும்னு யோசிச்சுப் பண்ணின மாற்றம்.

உங்களுக்கும் போளூர்ல இருந்து ஜமுனாமரத்தூர் ஏத்தத்துல வண்டி திணறுதா? எஞ்சினைத் தொடாதீங்க. முன் ஸ்ப்ராக்கெட்டுல 14 பல்லு இருந்தா 13 போடுங்க. இழுவை 7, 8 சதவீதம் கூடும், டாப் ஸ்பீடு அந்த அளவு குறையும். சில நூறு ரூபாய்ல முடிஞ்சிடும். பிடிக்கலைன்னா பழையதையே திரும்ப மாட்டிக்கலாம்.

மத்தபடி கையில காசு இருந்தா இந்த வரிசையில செலவு பண்ணுங்க: டயர், பிரேக் ஷூ, செயின் ஸ்ப்ராக்கெட், டாப்பெட் செட்டிங், ஏர் ஃபில்டர், நல்ல ஆயில், நல்ல ஹெல்மெட். இதெல்லாம் சரியா இருந்தாலே தொலைஞ்சு போன குதிரைங்க பாதி லாயத்துக்குத் திரும்பிடும்.

மாத்துக் கருத்து இருக்கிறவங்க பின்னூட்டத்துல வாங்க, கும்மலாம். ஒரே ஒரு நிபந்தனை: "செம்ம பிக்கப்பு தல"ன்னு மொட்டையாச் சொல்லாம, முன்னாடி எவ்வளவு, பின்னாடி எவ்வளவு, செலவு எவ்வளவுன்னு நம்பரோட வாங்க!