நிறுத்தக் கூடாத மாத்திரை

ரியாதின் பத்தா கடைத்தெருவில் தொடங்கி துபாயின் குடியிருப்புகள் வரை, தமிழ்க் குடும்பங்களில் ஒரு ஆலோசனை கைமாறிக்கொண்டே இருக்கிறது: "மாசமா இருக்கறப்போ ஃபிட்ஸ் மாத்திரை போடாதே, புள்ளைக்கு ஆகாது." ஊரிலிருந்து மாமியார் தொலைபேசியில் சொல்கிறார், பக்கத்து ஃபிளாட் அக்கா ஆமோதிக்கிறார், கணவனும் தலையாட்டுகிறான். மாத்திரை அலமாரிக்குள் போய்விடுகிறது. அக்கறையிலிருந்து பிறந்த பேச்சுதான். ஆனால் தாயையும் சேயையும் ஒருசேர ஆபத்தில் தள்ளும் பேச்சு இதைப்போல் வேறில்லை.

கட்டுப்படாத வலிப்பு என்ன செய்யும்? குளியலறையில், மாடிப்படியில், அடுப்பின் முன் கர்ப்பிணியை விழ வைக்கும். கடுமையான வலிப்பின்போது கருவுக்குப் போகும் ஆக்சிஜனும் குறையும். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 2009 முதல் 2012 வரையிலான பேறுகால மரணங்களை ஆராய்ந்தபோது, வலிப்புடைய 14 பெண்கள் இறந்திருந்தது தெரிந்தது. அவர்களில் 12 பேரின் மரணம் வலிப்பு நோயில் நேரும் திடீர் மரணம் என வகைப்படுத்தப்பட்டது.

இந்தப் பயத்துக்குச் சாக்காகச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, "மாத்திரையால் பிள்ளைக்கு ரத்தம் கசியும்" என்பது. இதில் உண்மையின் துளி இருக்கிறது. ரத்தம் உறையத் தேவையான சில புரதங்களைக் கல்லீரல் உருவாக்க வைட்டமின் கே வேண்டும். அது தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாக மிகக் குறைவாகவே கருவுக்குப் போகிறது, தாய்ப்பாலிலும் சொற்பமே. எனவே எந்தக் குழந்தையும் இந்தச் சத்துக் குறைவோடுதான் பிறக்கிறது. ஃபெனிடாயின், ஃபீனோபார்பிடோன், கார்பமசெபின் போன்ற மருந்துகள் கல்லீரல் நொதிகளைத் தூண்டி, இருக்கும் கொஞ்சத்தையும் சிதைத்துவிடக்கூடும். நம் வீடுகளில் எப்டாயின், கார்டினால், டெக்ரிடால் என்றால் புரியும். முதல் 24 மணி நேரத்திலேயே குழந்தையின் மூளைக்குள்கூட ரத்தம் கசியலாம் என்ற கவலை மருத்துவர்களுக்கு இருந்ததால், கடைசி மாதம் தாய்க்குத் தினமும் 10 மில்லிகிராம் வைட்டமின் கே மாத்திரை தரும் வழக்கம் பல இடங்களில் வந்தது.

அந்தக் கவலையை ஃபின்லாந்து ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். 2002-ல் வெளியான அவர்களது ஆய்வில், இத்தகைய மருந்துகளைச் சாப்பிட்ட தாய்மாரின் 667 குழந்தைகள் இடம்பெற்றன. கர்ப்பகாலத்தில் எந்தத் தாய்க்கும் வைட்டமின் கே தரப்படவில்லை, குழந்தைக்குப் பிறந்ததும் ஊசி மட்டும் போடப்பட்டது. ரத்தக் கசிவு 0.7 விழுக்காடு. வலிப்பில்லாத தாய்மாரின் குழந்தைகளிடம் அது 0.4 விழுக்காடு. கணக்கில் கொள்ளத்தக்க வேறுபாடு இல்லை. கசிவோடு தொடர்புடையதாகத் தெரிந்தவை குறைப்பிரசவமும் தாயின் மதுப் பழக்கமும். பிரிட்டன் மகப்பேறு மருத்துவர் கல்லூரியின் 2016 வழிகாட்டுதலும், தாய்க்கு வழக்கமாக வைட்டமின் கே மாத்திரை தரப் போதிய ஆதாரம் இல்லை என்கிறது. குழந்தைக்கு 1 மில்லிகிராம் ஊசியை மட்டும் அது விடாமல் வலியுறுத்துகிறது.

கீரை சாப்பிட்டால் போதும் என்ற சமாதானமும் இங்கே செல்லாது. தாயின் தட்டில் இருக்கும் வைட்டமின் கே கருவை மிகக் குறைவாகவே எட்டுகிறது என்பதுதானே சிக்கலே.

எல்லா மாத்திரையும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். வால்புரோயேட் உண்மையிலேயே கருவுக்குக் கெடுதல் செய்யும். அதைச் சாப்பிட்டவர்களின் குழந்தைகளில் சுமார் பத்தில் ஒருவருக்குப் பிறவிக் குறைபாடு காணப்படுகிறது. அதை மாற்ற வேண்டிய நேரம் கருத்தரிப்பதற்கு முன்பு, மாற்ற வேண்டியவர் நரம்பியல் மருத்துவர். மறுபக்கம், லாமோட்ரிஜின் அளவு கர்ப்பத்தில் ரத்தத்தில் தானாகவே இறங்கிவிடும், பலருக்கு அளவைக் கூட்ட வேண்டிவரும். பக்கத்து வீட்டு ஆலோசனையோ எந்த மாத்திரை என்றுகூடக் கேட்பதில்லை.

வளைகுடாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஊரிலிருந்து வருபவரிடம் மாத்திரை கொடுத்தனுப்பச் சொல்வது நம்மவர் வழக்கம். ஃபீனோபார்பிடோன், குளோனசெபாம் போன்றவை இங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். மருந்துச் சீட்டும் அனுமதியும் இல்லாமல் விமான நிலையத்தில் பிடிபட்டால் வழக்கு வரும். அதற்குப் பயந்து பாதியில் நின்றுபோகும் மாத்திரையும் வலிப்பைக் கொண்டுவரும். ஆகவே முதல் ஸ்கேனுக்குப் போகும் பாலிகிளினிக்கிலேயே வலிப்பை மறைக்காமல் சொல்லி, மருந்தின் பெயரைக் கோப்பில் எழுதச் செய்ய வேண்டும். மாமியார் வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சத்தில் மறைப்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும்: வலிப்பை இந்து திருமணத்துக்குத் தடையாகச் சொன்ன வரியை இந்தியச் சட்டம் 1999-லேயே நீக்கிவிட்டது.

வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு ஊருக்கு அனுப்பும்போது அந்தக் கோப்பின் நகலும் உடன் போகட்டும். பிறந்த குழந்தைகளுக்கு வைட்டமின் கே ஊசி போட வேண்டும் என்று இந்திய சுகாதார அமைச்சகம் 2014-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. எடை ஒரு கிலோவுக்குக் குறைவானால் அரை மில்லிகிராம், மற்றவர்களுக்கு ஒரு மில்லிகிராம். பிரசவ அறைக்குள் போகுமுன் "அம்மா ஃபிட்ஸ் மாத்திரை சாப்பிடுறாங்க" என்று செவிலியரிடம் சொல்வதும், டிஸ்சார்ஜ் சீட்டில் ஊசி போட்ட பதிவு இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதும் கணவனின் வேலை. அவன் ரியாதில் இருந்தால், இரண்டையும் யார் செய்வது என்று ஊருக்கு அனுப்பும் அன்றே போனில் பேசி முடிவுசெய்துவிட வேண்டும்.